"அடக்கிக்கோ கண்ணு": நாமக்கல் முதல் ஹைகோர்ட் வரை ஒரு சின்ன வரலாறு

டிஸ்கி: நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கிவிட்டு வரவும்.

போன செமஸ்டரில் சைக்காலஜியை விருப்பப் பாடமாக எடுத்தேன். அதில் 'எமோஷன் ரெகுலேஷன்' என்று ஒரு அத்தியாயம். தமிழில் உணர்ச்சியைக் கையாளுதல் என்று சொல்லிக்கொள்ளலாம். கோபமோ பயமோ அழுகையோ வரும்போது ஒருவர் அதை என்ன செய்கிறார், எதை வெளியே விடுகிறார், எதை விழுங்குகிறார் என்பதைப் பற்றிய படிப்பு. எப்படியும் ஐந்து மார்க் கேள்வி வரும் என்று உருப்போட்டுக்கொண்டிருந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. அத்தியாயம் முழுக்க 'ஒருவர்', 'ஒருவர்' என்றே போகிறது. அந்த ஒருவர் யார், யாருக்காக விழுங்குகிறார் என்ற கேள்வியே இல்லை. நம்ம கொங்குப் பக்கம் அந்த அத்தியாயத்தையே இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். "அடக்கிக்கோ கண்ணு."

புகுந்த வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்த பெண்ணுக்கும் அதுதான். நடையில் நளினம் தெரிகிற பையனுக்கும் அதுதான். ஹிஸ்டரி படிக்கிற எனக்கு, இந்த 'அடக்கிக்கோ'வுக்கு ஒரு வரலாறு இருக்குமே என்று தோன்றியது. தேடிப் படித்ததில் கிடைத்ததை இங்கே கொட்டியிருக்கிறேன். திருநங்கைகள், திருநம்பிகள், தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள் ஆகியோரின் மனநலம் பற்றிய கதை இது. பெரும்பகுதி நம்ம ஊர்க் கதை.

முதலில் அந்த அத்தியாயத்தில் எனக்குப் பிடித்த ஒரு பரிசோதனை. ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜேம்ஸ் கிராஸ் 1998-ல் வெளியிட்டது. கையைத் துண்டிக்கும் ஆபரேஷன் படம் ஒன்றை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழுவுக்கு, உங்கள் உணர்ச்சி முகத்தில் தெரியக் கூடாது என்று உத்தரவு. இன்னொரு குழுவுக்கு, ஒரு டாக்டர் பார்ப்பதுபோல விலகி நின்று பாருங்கள் என்று. மூன்றாவது குழு சும்மா பார்த்தது. விலகிப் பார்த்தவர்களுக்கு அருவருப்பு குறைந்தது. முகத்தை அடக்கிய குழுவைப் பார்த்தால் வெளியே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் உள்ளே அருவருப்பு குறையவே இல்லை. கை வியர்ப்பது, விரல் நுனியில் ரத்த ஓட்டம் சுருங்குவது மாதிரியான உடம்பின் பதற்றக் குறிகள் மட்டும் கூடியிருந்தன.

கொஞ்ச நேரப் படத்துக்கே உடம்பு இந்தப் பாடு படுகிறது. இதையே ஆறு வயதில் ஆரம்பித்து இருபத்தாறு வயது வரை, வீட்டிலும் பள்ளியிலும் பஸ் ஸ்டாண்டிலும் செய்தால்?

அப்படிச் செய்த ஒருவர் நம்ம பக்கத்திலேயே பிறந்து, அதை எழுதியும் வைத்திருக்கிறார். அ. ரேவதி. நாமக்கல் பக்கத்துக் கிராமம். வீட்டில் வைத்த பெயர் துரைசாமி, கடைக்குட்டிப் பிள்ளை. நாமக்கல் என்றால் சொல்ல வேண்டுமா, லாரி வைத்துப் பிழைத்த குடும்பம்தான். ரேவதியும் கொஞ்ச காலம் லாரியில் கிளீனராகப் போயிருக்கிறார். அவருடைய தன்வரலாறு முதலில் 2010-ல் ஆங்கிலத்தில் வந்தது. வ. கீதா மொழிபெயர்ப்பு, பென்குயின் வெளியீடு. தமிழில் 'வெள்ளை மொழி' என்ற பெயரில் 2011-ல் வந்தது. தமிழ் வாழ்க்கை ஆங்கிலத்தில் முதலில் வந்து ஒரு வருடம் கழித்துத் தமிழுக்கு வந்ததே தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். அதற்கு முன்பே 2000-களின் நடுவில் தமிழ்நாட்டுத் திருநங்கைகளின் வாக்குமூலங்களைத் தொகுத்து ஒரு புத்தகம் போட்டிருந்தார். அதன் பெயர் 'உணர்வும் உருவமும்'. தலைப்பில் எது முன்னால் நிற்கிறது என்று பாருங்கள்.

'வெள்ளை மொழி'யில் என்னை நிறுத்திய இடம் மாரியம்மன் பண்டிகை. பள்ளிக்கூட நாட்களில், ஊர்ப் பண்டிகையில் குறத்தி வேஷம் கட்டி ஆடுகிறார். ஊரே ரசிக்கிறது. பொம்பளை மாதிரியே இருக்கிறான் என்று மெச்சுகிறார்கள். மற்ற நாட்களில் எந்த நடைக்கும் எந்தப் பேச்சுக்கும் அடி விழுந்ததோ, கேலிப் பெயர் கிடைத்ததோ, அதே நடைக்கு அன்று ஒருநாள் மட்டும் கைதட்டல். பார்க்கிறவர்களுக்கு அது வேஷம். அவருக்கு மற்ற நாட்களில் போட்டுக்கொண்டிருந்ததுதான் வேஷம். வருடத்தில் ஒரு நாள் மூச்சு விட இடம் கொடுத்த ஊர்தான் மிச்ச நாளெல்லாம் மூக்கைப் பொத்தியது. (எல்லா ஊர்ப் பண்டிகையிலும் ஆண்கள் பெண் வேஷம் கட்டுவதைப் பார்த்திருக்கிறோம். அதில் எத்தனை பேருக்கு அது வேஷம் இல்லை என்று இதற்கு முன் நான் யோசித்ததே இல்லை.)

பிறகு வீட்டைவிட்டுப் போகிறார். திண்டுக்கல், டெல்லி, மும்பை என்று நீள்கிறது கதை. திரும்பி வந்தபோது அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடித்ததை அவரே எழுதியிருக்கிறார். ஆச்சரியம் என்னவென்றால் அதற்குப் பிறகும் நாமக்கல்லுக்கே திரும்பத் திரும்ப வருகிறார். அப்பா அம்மாவைப் பார்க்க, சொத்துப் பேச்சுக்கு, சும்மா. இதை நம் பாடப் புத்தகம் எந்தக் கட்டத்தில் போடும் என்று எனக்குத் தெரியவில்லை. பயமும் பாசமும் ஒரே வீட்டிலிருந்து வரும்போது எதை அடக்குவது?

இந்த இடத்தில் ஜமாத் பற்றிச் சொல்ல வேண்டும். திருநங்கைகளின் குரு, சேலா (அதாவது மகள்) என்ற உறவுமுறைகளை வெளியில் இருப்பவர்கள் வினோதப் பழக்கமாகவே பார்க்கிறோம். வீடு துரத்திய பிறகு ஒரு அம்மா, ஒரு பாட்டி, அக்கா தங்கச்சி என்று முழுக் குடும்பத்தையே மறுபடி கட்டிக்கொள்கிறார்கள் என்று பார்த்தால் வேறு மாதிரி தெரியும். யார் மடியில் அழலாம் என்பதற்கு அங்கே ஒரு விடை இருக்கிறது. அந்தக் கைதட்டலையும் நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பஸ்ஸில் நாலு பேர் முறைக்கும்போது கூசிக் குறுகுவதற்குப் பதில், முதல் சத்தத்தை நாமே போட்டுவிடுவது. இது என் ஊகம்தான், சண்டைக்கு வர வேண்டாம் :-) ஜமாத் சொர்க்கம் ஒன்றும் இல்லை. கட்டுப்பாடு, அபராதம், அதிகாரம் எல்லாம் அங்கேயும் உண்டு. ரேவதி அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

சித்திரை மாதம் கூவாகத்தில் அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து, வெள்ளைச் சேலை உடுத்தி ஒப்பாரி வைப்பதை டிவியில் வருடா வருடம் காட்டுகிறார்கள். கேமரா அழகிப் போட்டியில்தான் நிற்கும். ஊரறிய, கூட்டமாக, வெட்கமில்லாமல் அழுவதற்கு ஒரு நாள் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பது யாருக்கும் செய்தியாகத் தெரியவில்லை. அரவான் கூவாகத்துக்கு மட்டும் சொந்தம் என்று நினைத்திருந்தேன். நம்ம சிங்காநல்லூரிலும் துடியலூரிலும் அரவான் பண்டிகை உண்டு.

இனி டாக்டர்கள் பக்கம். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1952-ல் போட்ட முதல் நோய்ப் பட்டியலில் தன்பால் ஈர்ப்பு ஒரு மனக்கோளாறு. 1957-ல் ஈவ்லின் ஹூக்கர் என்ற உளவியலாளர், தன்பால் ஈர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் எதிர்பால் ஈர்ப்புள்ள 30 ஆண்களுக்கும் மைக்கறைப் படம் காட்டுவது போன்ற சோதனைகளை நடத்தி, பெயரை மறைத்து நிபுணர்களிடம் கொடுத்தார். யார் எந்த வகை என்று நிபுணர்களால் பிரிக்க முடியவில்லை. 1972-ல் அந்தச் சங்கத்தின் மாநாட்டில் ஜான் ஃப்ரையர் என்ற மனநல மருத்துவர் முகமூடி போட்டு, மைக்கில் குரலையும் மாற்றிக்கொண்டு, நானும் அப்படிப்பட்டவன்தான் என்று பேசினார். மனதைக் குணமாக்குகிற டாக்டரே முகத்தை மறைத்தால்தான் உண்மை பேச முடியும் என்ற நிலை. 1973-ல் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். உலக சுகாதார அமைப்பு நீக்கியது 1990-ல்.

நடுவில் இந்தியாவில் என்ன நடந்தது? 1979-ல் இந்திய மனநல மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வருகிறது. தன்பால் ஈர்ப்புக்குச் 'சிகிச்சை' செய்வதைப் பற்றியது. அந்த முறையை 1960-களில் பிரிட்டனில் உருவாக்கினார்கள். ஆண் படத்தைக் காட்டும்போது மின் அதிர்ச்சி, பெண் படத்துக்கு மாறினால் நிம்மதி. அமெரிக்கா பட்டியலைத் திருத்தி ஆறு வருடம் ஆகியிருந்தது. உணர்ச்சியைக் கையாளக் கற்றுக்கொடுக்க வேண்டிய துறை, உணர்ச்சிக்கே கரண்ட் வைத்தது. ஆசை வரும்போதெல்லாம் பயமும் சேர்ந்து வரும்படி உடம்பைப் பழக்குவதற்குப் பெயர் குணப்படுத்துவது!

நம்ம ஊரில் டாக்டர் வரை போகிறவர்களைவிட ஜாதகக்காரரிடமும் மந்திரிக்கிறவரிடமும் போகிறவர்கள்தான் ஜாஸ்தி. எல்லாவற்றுக்கும் கடைசி மருந்து ஒன்று இருக்கிறதே, கால்கட்டு. "ஒரு கல்யாணத்தப் பண்ணி வெச்சா எல்லாம் செரியாயிரும்ங்க." அந்த மருந்தை இரண்டு பேர் சாப்பிட வேண்டும், அதில் ஒருவருக்கு எதற்குச் சாப்பிடுகிறோம் என்றே தெரியாது.

திரும்ப ஆராய்ச்சிக்கு வருகிறேன். நோய் இல்லை என்று பட்டியலில் இருந்து எடுத்தாகிவிட்டது. ஆனால் இவர்களிடையே மனச்சோர்வும் பதற்றமும் தற்கொலை எண்ணமும் அதிகமாக இருப்பது பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்துகொண்டே இருந்தது. அப்படியானால் அது எங்கிருந்து வருகிறது? 2003-ல் இலான் மேயர் சொன்ன விளக்கம் இன்று பாடமாகிவிட்டது. சிறுபான்மை அழுத்தம் என்று அதற்குப் பெயர். எல்லோருக்கும் இருக்கிற வாழ்க்கைச் சுமைக்கு மேல் இவர்களுக்கு ஒரு கூடுதல் சுமை: நேரடியாக நடக்கும் அவமானம், எந்த நேரமும் அவமானம் வரும் என்ற எதிர்பார்ப்பு, தன்னை மறைத்துக்கொண்டே இருப்பது, கடைசியில் ஊர் சொல்வதைத் தானே நம்பிவிடுவது. தன்னைப் போன்றவர்களோடு சேர்ந்திருப்பது இந்தச் சுமையைக் குறைக்கும் என்றும் மேயர் சொல்கிறார். (ஜமாத்!)

2009-ல் மார்க் ஹாட்ஸன்பியூலர் இன்னொரு படி போனார். வெளியே நடக்கும் அவமானம் எப்படித் தோலுக்குள் இறங்குகிறது? சுமார் ஐம்பது பேர் கொண்ட சின்னக் குழு, பத்து நாள் குறிப்பு எடுத்தார்கள். தன்பால், இருபால் ஈர்ப்புள்ளவர்களும் கறுப்பின மக்களும் அதில் இருந்தார்கள். அவமானம் நடந்த நாட்களில் அவர்கள் உணர்ச்சியை அடக்குவதும், நடந்ததையே மனதில் அசைபோடுவதும் கூடியது. அதில் அசைபோடுதல் கூடிய அளவுக்கு மன வேதனையும் கூடியது. அசைபோடுதல் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. காங்கேயம் காளைக்கு அசைபோட்டால் ஜீரணமாகும். மனுஷனுக்கு ஆவதில்லை.

இதைப் படித்த பிறகுதான் எனக்கு 'அடக்கிக்கோ கண்ணு' முழுதாகப் புரிந்தது. அது ஆறுதல் மாதிரி ஒலிக்கிறது. அம்மாக்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் எந்தப் பழக்கம் உள்ளே இருப்பதைக் குறைக்காமல் உடம்பின் பதற்றத்தை மட்டும் கூட்டுகிறது என்று ஆராய்ச்சி சொல்கிறதோ, சரியாக அதையேதான் மருந்தாகக் கொடுக்கிறார்கள்.

ரேவதிக்கு அடுத்த தலைமுறையில் இரண்டு பேர், இரண்டு பேரும் கோவை மாவட்டம். பொள்ளாச்சியில் பிறந்த கல்கி சுப்ரமணியம் மதுரையில் படிக்கும்போதே 'சகோதரி' என்று திருநங்கைகளுக்காக ஒரு பத்திரிகை நடத்தினார். அதே பெயரில் 2008-ல் அறக்கட்டளை தொடங்கினார். பின்னாட்களில் அவர் செய்த வேலைகளில் ஒன்று 'ரெட் வால்' என்ற முயற்சி. திருநர்கள் தங்களுக்கு நடந்த வன்முறையைத் தங்கள் கையாலேயே எழுதி, சிவப்புச் சாயத்தில் கையை நனைத்து அதே தாளில் பதிக்கிறார்கள். எழுதுவது, வரைவது, கை பதிப்பது என்று அடக்கி வைத்ததை மெல்ல வெளியே எடுக்கும் வழி. கிளினிக் இல்லாத இடத்தில் ஒரு வைத்தியம்.

இன்னொருவர் பத்மினி பிரகாஷ். 2014 ஆகஸ்ட் 15-ல் கோவையின் லோட்டஸ் டிவியில் செய்தி வாசித்தார். நாட்டிலேயே தினசரிச் செய்தி வாசித்த முதல் திருநங்கை என்று உலகப் பத்திரிகைகளெல்லாம் எழுதின. 13 வயதில் வீட்டை விட்டு வெளியே வந்ததையும், உயிரை விடத் துணிந்து காப்பாற்றப்பட்டதையும், பி.காம் படிப்பைப் பாதியில் விட்டதையும் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். செய்தி வாசிப்பவர் முகத்தில் உணர்ச்சி காட்டக் கூடாது என்பது தொழில் விதி. வாழ்க்கை முழுக்க அடக்கிய ஒருவருக்கு அது பழகிய வேலைதான். இந்தத் தடவை அதற்குச் சம்பளம் கிடைத்தது.

சொற்களும் மாறின. ஊர் வைத்த கேலிப் பெயர்களை இங்கே எழுத விருப்பமில்லை, எல்லோருக்கும் தெரியும். 1990-களின் கடைசியில் 'அரவாணி' வந்தது. தமிழ்நாடு 2008 ஏப்ரல் 15-ல் நல வாரியம் அமைத்தது. அந்தக் காலத்தில்தான் 'திருநங்கை' என்பது அரசாங்கத்தின் சொல்லாகவும் ஆனது. தினமும் காதில் விழுகிற ஒரு சொல் மாறுவது சின்ன விஷயம் இல்லை. மேயரின் பட்டியலை வைத்துப் பார்த்தால், எதிர்பார்த்து நடுங்க வேண்டியவற்றில் ஒன்று குறைகிறது.

ஆனால் கவனித்தீர்களா, இதுவரை சொன்ன நம்மூர்ப் பெயர்கள் எல்லாம் திருநங்கைகள். கொங்கு நாட்டில் பெண்ணை விரும்பிய பெண், ஆணை விரும்பிய ஆண் எழுதிய தன்வரலாறு ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. அவர்களால் மறைக்க முடிகிறது, அதனால் மறைக்கிறார்கள். நாமக்கல்லில் இருந்து ஒரு மணி நேர பஸ் தூரத்தில் திருச்செங்கோட்டு மலைமேல் சாமியே பாதி ஆண் பாதி பெண்ணாக நிற்கிறார். அதே கோயிலுக்கு 2015 ஜூனில் ஒரு தோழியோடு வந்த தலித் இளைஞர் கோகுல்ராஜ் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். 2022-ல் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. ஆணும் பெண்ணும் பேசியதற்கே இப்படி என்றால், ஆணும் ஆணும் எங்கே போய்ப் பேசுவார்கள்?

அதனால் இந்தப் பகுதிக்கு மதுரைக்குப் போக வேண்டியிருக்கிறது. 2018 செப்டம்பர் 6-ல் உச்ச நீதிமன்றம் 377-ஐ முடக்கியது எல்லோருக்கும் தெரியும். 2021-ல் மதுரையைச் சேர்ந்த இரண்டு இளம் பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், வீட்டை விட்டுச் சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ். அவர்களையும் பெற்றோரையும் ஒரு உளவியல் ஆலோசகரிடம் அனுப்பினார். ஆலோசகரின் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது, அதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்கள் தெளிவாக இருக்கிறார்கள். பெற்றோரோ, இப்படி ஒரு துணையோடு வாழ்வதைவிட எங்கள் பெண்கள் வாழ்நாள் முழுக்கத் துணையே இல்லாமல் இருப்பது கௌரவம் என்கிறார்கள். 'அடக்கிக்கோ கண்ணு' கோர்ட் பதிவேட்டிலேயே ஏறிவிட்டது.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையில் புதுசு. எனக்கே இந்த விஷயம் சரியாகப் புரியவில்லை, புரியாமல் தீர்ப்பு எழுத மாட்டேன் என்று சொல்லி, நீதிபதி தானே உளவியலாளர் வித்யா தினகரனிடம் போய் உட்கார்ந்தார். ஒரு திருநங்கை டாக்டரையும் அவருடைய அம்மாவையும் சந்தித்துப் பேசினார். 2021 ஜூன் 7-ல் வந்த உத்தரவில் தன் அறியாமையையும் எழுதி வைத்தார். ஈர்ப்பை மாற்றுகிறேன் என்று சிகிச்சை செய்வதற்குத் தடை விதித்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையம் அதை டாக்டர்களின் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. அதே வருடம் ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, தன்பாலீர்ப்பு, ஊடுபால் போன்ற சொற்கள் அடங்கிய பட்டியலைக் கெஜட்டில் வெளியிட்டது.

1952-ல் இருந்து யோசித்துப் பாருங்கள். கவுன்சலிங், கரண்ட், கால்கட்டு எல்லாமே அவர்களுக்குத்தான். அவர்கள் முகம், அவர்கள் நடை, அவர்கள் அழுகைதான் சரிசெய்யப்பட வேண்டியது. வழக்கு விசாரிக்கிறவர் எழுந்து வந்து, பயமும் அருவருப்பும் என் பக்கம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஆலோசகர் முன்னால் உட்கார்ந்த சம்பவம் வேறு எங்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள், நான் படித்தவரையில் இல்லை. கை துண்டிக்கிற படத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் இருக்கச் சொல்லி ஒரு தரப்புக்கே உத்தரவு போட்டுக்கொண்டிருந்தோம். படத்தை நிறுத்தலாமே என்று ஒருவருக்குத் தோன்ற இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

எங்கள் வகுப்பில் இந்த அத்தியாயத்துக்கு ஐந்து மார்க் கேள்விதான் வந்தது. "அடக்குதலின் விளைவுகளை எழுதுக." பாடத்தில் இருந்ததை எழுதி நாலு மார்க் வாங்கினேன்.

பி.கு. 1: மனசு ரொம்பக் கனமாக இருந்தால், எந்தக் காரணமாக இருந்தாலும், 14416-க்குப் போன் பண்ணுங்கள். அரசாங்கத்தின் இலவச எண், தமிழிலும் பேசலாம்.

பி.கு. 2: 2019-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகத்தின் முகப்பில் டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பெயர்களோடு ரேவதியின் பெயரையும் பேனரில் எழுதித் தொங்கவிட்டார்கள். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் எப்போது என்று தெரியவில்லை.

பி.கு. 3: என்னிடமிருந்து 'வெள்ளை மொழி'யை இரவல் வாங்கிப் போன நண்பர், தயவுசெய்து திருப்பிக் கொடுக்கவும். வரிசையில் மூன்று பேர் நிற்கிறார்கள்.